நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கிழங்கு

ராக்கு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அழகுமலை சிரித்துக்கொண்டே அதை நேராகத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போடிநாயக்கனூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஓவிய வாத்தியார். நான்கு வருடமாக விடுமுறை கிடைத்தபோதெல்லாம் குரங்கணிக்கு மேலே ஏறி, பளியர் குடிகளில் உட்கார்ந்து கேட்டு எழுதியதும் பார்த்து வரைந்ததும் சேர்ந்து ஒரு புத்தகமாகியிருந்தது. மலையில் வாழும் பளியர்களைப் பற்றி ஒரு பகுதி, பறவைகளுக்கு ஒரு பகுதி, செடிகொடிகளுக்கு ஒரு பகுதி. கடைசிப் பகுதியில் பாதிக்கு மேல் பளியர் பெண்ணான ராக்கு சொன்னது. முன்னுரையில் அவள் பெயரைப் போட்டே அதை எழுதியிருந்தார். அச்சாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தேன் விற்க ஊருக்குள் இறங்கியவளை வீட்டுக்குக் கூப்பிட்டு முதல் வேலையாக அதைத்தான் கையில் கொடுத்தார்.

"இருவாச்சி மூக்க நல்லாப் போட்டிருக்கீக" என்று சொல்லி அவள் தாளைப் புரட்டினாள். எழுத்து தெரியாதவள் என்பதால் படத்துக்குப் படம் தாவிப் போனாள். நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கீக, வாத்தியாரே?"

"காட்டு வள்ளிக்கிழங்கு. தோலச் சீவி, வேகவச்சுத் திங்கலாம். பஞ்ச காலத்துல உசுரக் காக்கும். நீ சொன்னதுதான்."

"இது வள்ளி இல்ல. கலப்ப மாதிரி ரெண்டாப் பிரிஞ்சு கெடக்குல்ல? கண்வலிக்கெழங்கு."

அழகுமலை புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினார். "விஷம், தொடக்கூடாது" என்ற எழுத்துக்கு மேலே வள்ளிக்கிழங்கு அழகாக உட்கார்ந்திருந்தது. இரண்டு படத்தின் அச்சு பிளாக்கும் இடம் மாறியிருந்தன.

"யாருக்காச்சும் குடுத்தீகளா?" என்றாள் ராக்கு.

"ஏலத்தோட்டத்துக்கு ஒண்ணு போயிருக்கு" என்றார் அவர். முந்தாநாள் ஏலத்தோட்டத்துக் கங்காணி பிச்சைமணி வந்து ஒரு பிரதி வாங்கிப் போயிருந்தான். அது ஐம்பத்திரண்டாம் வருடத்துச் சித்திரை. மழை பொய்த்து, தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு இரண்டு வாரமாக அரிசி போய்ச் சேரவில்லை. 'காட்டுல எதத் தோண்டித் திங்கலாம்னு படம் போட்டிருக்காமே, சனங்களுக்குக் காட்டுறேன்' என்றுதான் அவன் வாங்கினான். அழகுமலைக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பக்கத்தை மடித்துக் காட்டி அனுப்பியவரும் அவர்தான்.

"கோடையில கொடியெல்லாம் காஞ்சு போச்சு. பூ இருந்தா அவுகளே கண்டுக்கிருவாக. இப்பக் கெழங்க மட்டும் பாத்துத்தான் தோண்டுவாக" என்றாள் ராக்கு. தேன் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள். "வெரசா வாங்க."

குரங்கணிக்குப் போகும் லோடு லாரி ஒன்று கிடைத்தது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து குலுங்கியபடி அழகுமலை ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தார். அச்சாபீஸ்காரர் புரூப் கொண்டுவந்த நாளில் மேசை நிறையப் பரீட்சைத் தாள் கிடந்தது. எழுத்தை மட்டும் ஓட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படங்கள் தான் வரைந்தவைதானே, அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று விட்டுவிட்டார். பிளாக்கை மாற்றி வைத்தது அச்சுக் கோக்கிறவன் கை. ஆனால் சரி என்று எழுதிக் கொடுத்தது யார் கை?

குரங்கணியில் இறங்கியதும் ராக்கு திரும்பிப் பார்க்கவில்லை. பாதையை விட்டு விலகி, செங்குத்தான சரிவில் வேரைப் பிடித்து ஏறினாள். அவர் கொஞ்ச தூரம் தொடர்ந்தார். பிறகு அவள் சேலை நிறம்கூடக் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. நெஞ்சு அடைக்க, ஜீப்புத் தடத்திலேயே ஓடியும் நடந்தும் போனார்.

லைன் வீடுகள் தெரிவதற்கு முன்பே கூச்சல் கேட்டது.

முற்றத்தில் ஒரு பானை கவிழ்ந்து, வெந்த கிழங்குத் துண்டுகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. ராக்குவை இரண்டு ஆட்கள் கையை முறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கையில் மண்வெட்டிக் காம்பு இருந்தது. முதல் வீட்டு வாசலில் மொக்கச்சாமி என்ற தொழிலாளி சுருண்டு கிடந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி மாயக்காள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவன் ஒருவன்தான் வயிறாரத் தின்றிருந்தான். மற்றவர்கள் பானை வேகக் காத்திருந்தபோது ராக்கு வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் எட்டி உதைத்துக் கவிழ்த்திருக்கிறாள்.

பிச்சைமணி புத்தகத்தை உயர்த்திப் பிடித்தான். "இந்தா, இவ பேருதான் போட்டிருக்கு. கெழங்கு விவரம் பூராம் ராக்கு சொன்னதுன்னு எழுதியிருக்கு. எங்கள இந்தக் காட்ட விட்டு ஓட்டுறதுக்குச் சொன்னியா? இப்ப அடுத்தவன் பானையையும் வந்து ஒடைக்கிற?"

"அவள விடு, பிச்சைமணி" என்றார் அழகுமலை. மூச்சு வாங்கியது. "அவ சரியாத்தான் சொன்னா. அச்சாபீஸ்ல படம் மாறிப்போச்சு."

"அச்சாபீஸ்காரனா எனக்குப் புஸ்தகம் குடுத்தான்?"

காம்பு வைத்திருந்தவன் இப்போது அவர் பக்கம் திரும்பினான். ராக்குவும் அவரைப் பார்த்தாள். அவள் முழங்கையில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பழியை அச்சாபீஸ்மேல் போட்டுவிட்டு நின்றுகொள்ளலாம்தான். கேட்டவர்கள் நம்பிவிடவும் கூடும்.

"அச்சுப் போடுறதுக்கு முந்தி என்கிட்டத்தான் காட்டினாங்க. நான் படத்தப் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னோடது. அடிக்கணும்னா என்ன அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. மாயக்காள் மட்டும் எழுந்து வந்தாள். பிச்சைமணி கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அழகுமலையின் முகத்தில் எறிந்தாள். அட்டை முனை பட்டு அவர் புருவம் கிழிந்தது.

"பேச்ச அப்பறம் வச்சுக்கங்க. ஆளத் தூக்குங்க" என்றாள் ராக்கு. பிடித்திருந்தவர்கள் எப்போது கையை விட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவள் வீடு வீடாக நுழைந்து அடுப்பிலிருந்த பானைகளையும் மூலையில் குவித்திருந்த கிழங்கையும் பார்த்தாள். ஆகாததைக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

கம்பளியை மூங்கிலில் கட்டி மொக்கச்சாமியைத் தூக்கினார்கள். முன்பக்கத் தோள் அழகுமலையுடையது. மாற்றிக்கொள்ள ஆள் வந்தபோதும் அவர் கொடுக்கவில்லை. பாதி வழியில் மொக்கச்சாமி முனகுவதை நிறுத்தினான். மாயக்காள் நடந்தபடியே அவன் மூக்குக்கு நேரே கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இருக்கு" என்பாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் "இருக்கு" என்பாள். குரங்கணி வரை வேறு பேச்சே இல்லை.

போடி ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன தின்றான் என்று கேட்டார். அழகுமலை நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினார். டாக்டர் படத்தையும் எழுத்தையும் பார்த்தார், பிறகு அவருடைய கிழிந்த புருவத்தைப் பார்த்தார். உடனே உள்ளே போனார்.

நான்கு நாள் எதுவும் சொல்ல முடியாமலே இருந்தது. ஐந்தாம் நாள் மொக்கச்சாமி கஞ்சி கேட்டான். பதினைந்து நாளில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, புருவம்கூட இல்லாமல் போனது. விஷம் இறங்குகிற அடையாளம், திரும்ப முளைத்துவிடும் என்றார் டாக்டர். அதுபோலவே முளைத்தது.

அழகுமலை விற்ற பிரதிகளை ஊர் ஊராகப் போய்த் திரும்ப வாங்கினார். அடுத்த அச்சுக்கு முன் ராக்கு அச்சாபீசுக்கு வந்து, ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பார்த்தாள். கீழே எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு படத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வரையச் சொன்னாள். அவர் அங்கேயே உட்கார்ந்து வரைந்தார்.

லைன்காரர்கள் பிறகு அவளிடம் நல்லபடியாகத்தான் பேசினார்கள். பிச்சைமணிகூட ஒரு தடவை அவள் குடிக்கு வந்து வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனான். ஆனால் அந்த முற்றத்து வழியாகப் போவதை ராக்கு விட்டுவிட்டாள். தேன் குடத்தோடு ஊருக்கு இறங்கும் நாட்களில் ஓடையைச் சுற்றி ஒரு மைல் கூடுதலாக நடந்தாள்.