உப்புத் தண்ணீரில் களை

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது யார் என்று கேட்டால், டைல்ஸ்காரர் தன் நெஞ்சைத்தான் தொட்டுக்காட்ட வேண்டும். அந்த மீன்தொட்டியை வீட்டுக்குச் சுமந்துவந்தவர் அவர்தான். தொட்டிக்கு வைத்தியம் பார்க்க மனைவியின் அத்தை மகனை வரச்சொன்னவரும் அவரேதான்.

ஒரு பெரிய வீட்டில் அவர் தரைக்கு ஓடு பதித்துக்கொண்டிருந்தார். வீட்டைக் காலிசெய்து வைத்திருந்தவர்கள் ஒரு கண்ணாடித் தொட்டியை வாசலில் போட்டு, வேண்டுமானால் எடுத்துப்போங்கள் என்றார்கள். ஒரு பிள்ளை கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். கூட வேலைசெய்த பெயிண்டரும் இவருமாகத் தூக்கிவந்து முன்னறையில் இறக்கியபோது, தைத்துக்கொண்டிருந்த மனைவி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துவந்தாள். காலித் தொட்டியைச் சுற்றிச்சுற்றி வந்து சிரித்தாள். கல்யாணமான நாளாக அவர் வாங்கிக்கொடுத்த எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சாதா மீன் எதற்கு, கடல் மீனே விடலாம், உன் அத்தை மகன் மீன் கடையில்தானே இருக்கிறான், வரச்சொல் என்று தன் வாயாலேயே சொன்னார்.

அத்தை மகன் வந்தான். உப்பு அளந்து கரைத்தான், பம்பு பொருத்தினான், நீல விளக்கு மாட்டினான், கடல் கல் கொண்டுவந்து அடுக்கினான். கோமாளி மீன் ஒரு ஜோடி விட்டான். பொத்தான் மாதிரி பச்சையும் ஊதாவுமாக விரியும் பவளம் ஒன்றைக் கல்லோடு வைத்தான். ஆயுள் முழுக்கச் சட்டைக்குப் பொத்தான் வைத்தவளுக்கு, ஊசியும் நூலும் இல்லாமல் தானாகக் கல்லில் ஒட்டி நிற்கிற பொத்தானைப் பார்த்ததும் உயிரே அதில் போயிற்று. காலையில் எழுந்து முகம் கழுவுவதற்கு முன்னால் அது விரிந்ததா என்று பார்ப்பாள்.

அதுவரைக்கும் சரி. ஆனால் அத்தை மகன் என்றால் யாரோ எவரோ இல்லையே. முறைக்கு அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். பெரியவர்கள் பேச்சில் ஏதோ தட்டிப்போய்த்தான் டைல்ஸ்காரருக்கு வாய்த்தாள். கட்டவேண்டியவனும் கட்டினவனும் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி முறை. அதனால் அவன் இவரை வாய் நிறைய ‘அண்ணே’ என்பான். ஒவ்வோர் அண்ணேயும் இவருக்கு நெருஞ்சி முள். அவள் அவனை ‘அத்தான்’ என்பாள், இவரை ‘ஏங்க’ என்பாள். ஏங்க என்பது ஒரு பேரா, உறவா. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரனைக்கூட அப்படிக் கூப்பிடலாம்.

களை வந்தது அவன் கொண்டுவந்த கல்லில்தான். பழுப்புத் தண்டு, அதன் தலையில் கண்ணாடி இழை போல ஏகப்பட்ட கைகள். பார்த்தால் பூ, கிட்டப் போனால் பிராணி. கடல்சாமந்தி வகை என்றும், இதை மட்டும் யாரும் விரும்பி வளர்ப்பதில்லை என்றும், தொட்டதையெல்லாம் கொட்டும், பக்கத்துப் பவளத்தைச் சுட்டுத் தீய்க்கும் என்றும் அவன் விளக்கினான். இரண்டு மூன்றுதான் இருந்தன. ஒழித்துக்கட்டாவிட்டால் பொத்தான் பவளம் பிழைக்காது என்றான். அவள் முகம் வாடியது. அதைப் பார்த்து அவன், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

வாரா வாரம் சாயங்காலம் வர ஆரம்பித்தான். சுண்ணாம்பை வெந்நீரில் கூழாகக் குழைப்பான். பம்பை நிறுத்துவான். ஊசி இல்லாத சிரிஞ்சில் அதை உறிஞ்சி, களை தலையை உள்ளே இழுத்துக்கொள்வதற்கு முன்னால் அதன் வாயில் பைய விடுவான். அவள் டார்ச் பிடிப்பாள். டைல்ஸ்காரர் வேலை முடிந்து, நாள் முழுக்க மண்டியிட்ட முட்டியோடு படியேறி வந்தால், நீல வெளிச்சத்தில் இரண்டு தலைகள் கண்ணாடியோடு கண்ணாடியாகக் குனிந்திருக்கும். ஆடாமல், அசையாமல், மூச்சுக்கூட விடாமல். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

‘வாங்கண்ணே’ என்பான் அவன், திரும்பாமல். இவர் வீட்டுக்கு இவரையே வரவேற்கிறான்.

அவளோ சாப்பாடு மூடிவைத்திருக்கிறது என்பாள், அதுவும் திரும்பாமல். அவர் சோற்றைப் பிசைந்தபடி இங்கிருந்தே பார்ப்பார். ஒரு துளி விடுவதற்கு அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் தான் ஒரு குளியலறைச் சுவரையே முடித்துவிடலாம் என்று தோன்றும். இவன் களையைக் கொல்ல வரவில்லை, வளர்க்க வருகிறான் என்று மனம் சொல்லும். ஒன்றுக்கு மருந்து விட்டுவிட்டு இன்னொன்றை வேண்டுமென்றே விட்டுவைக்கிறான். இல்லையென்றால் அடுத்த வாரம் வர வழி ஏது.

வேலையிடத்தில் பெயிண்டரிடம் ஜாடையாகக் கேட்டுப்பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒருத்தன் வீட்டில் இப்படி, அவன் என்ன செய்யலாம் என்றார்.

‘அந்த ஒருத்தன் தொட்டி தூக்கறப்போ என் கால்மேல எறக்கினவன்தானே’ என்றார் பெயிண்டர். ‘வாயத் தொறந்து வராதேன்னு சொல்லச் சொல்லு. இல்லைன்னா வாய மூடிக்கிட்டு மீனப் பாக்கச் சொல்லு.’

இரண்டும் டைல்ஸ்காரரால் ஆகாது. வராதே என்று சொன்னால் பொண்டாட்டிமேல் சந்தேகப்படுகிறான் என்று ஊர் சிரிக்கும். களையே இல்லையென்றால் அவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வரமாட்டான். வாயைத் திறக்காமலே காரியம் முடியும் என்று கணக்குப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தைத்த திரைச்சீலைகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தன் கருவிப் பையை எடுத்தார். தரையில் ஒட்டிக் காய்ந்த சிமெண்டைப் பெயர்க்கிற சுரண்டி ஒன்று, அகலமான வாய், அவர் கைப்பழக்கத்தில் வழவழப்பானது. தோள்வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் விட்டார். கோமாளி மீன்கள் ஓடிப்போய் மூலையில் நின்றன. சாமந்தி ஒன்று விரலைத் தொட்டுச் சுருக்கென்றது. காய்ப்பேறின விரல், பொருட்படுத்தவில்லை. அடியில் வாயைக் கொடுத்து ஒரே தள்ளு, பெயர்ந்தது. அடுத்தது. கல்லில் ஒரு பழுப்புப் புள்ளிகூட மிஞ்சாமல், பழைய தரையைச் சுத்தம் செய்வது போல வரிவரியாக இழுத்தார். பம்பு ஓடிக்கொண்டேயிருந்தது. நைந்த துணுக்குகள் தண்ணீரோடு சுழன்று கல்லுக்குப் பின்னாலும் குழாய்க்குள்ளும் போயின. குப்பை தன்னால் போகிறதே, நல்லதாயிற்று என்று நினைத்தார். தன் தொழிலில் பெயர்த்தது பெயர்த்ததுதான். பெயர்த்த சிமெண்ட் மறுபடி முளைத்து அவர் பார்த்ததில்லை.

அவள் வந்து தொட்டியைப் பார்த்துத் திகைத்துப்போனாள். ஒன்றுகூடக் காணோம். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஏதோ சொல்லவேண்டுமே என்று, மருந்து வேலை செய்திருக்கும் என்றார். அவர் வாயில் சனி. அவள் உடனே போனை எடுத்தாள். அத்தான், உங்க கைராசிதான், உங்களை மாதிரி பொறுமை யாருக்கு வரும் என்று அரைமணி நேரம் புகழ்ந்தாள். அவர் கை உழைத்தது, புகழ் அவனுக்குப் போனது. நான்தான் என்று சொல்லவும் முடியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. டைல்ஸ்காரர் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனைவியோடு மீன் பார்த்தார். மீனைப் பற்றி என்ன பேசுவதென்று தெரியாமல், இது ஆணா பெண்ணா என்று தினமும் கேட்டார். அவளும் சலிக்காமல் சொன்னாள். நல்ல நாட்கள் அவை.

பிறகு ஒரு காலையில் அவள், ஏங்க, இங்க வாங்களேன் என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. கண்ணாடியில் கடுகளவு பழுப்பு. பம்பு வாயில் ஒரு கொத்து. கல்லின் சந்துபொந்தெல்லாம் சின்னச்சின்னக் கைகள் விரிந்து ஆடின. ஒரு சாமந்தி இருந்த இடத்தில் ஒரு கூட்டம். நாலைந்து நாளில் அவை பொத்தான் பவளத்தின் விளிம்பைத் தொட்டன. பவளம் மூடிக்கொண்டது. ஒரு பக்கம் வெளுத்து, நூல் நூலாகக் கரைந்தது.

அத்தை மகன் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தான். டைல்ஸ்காரர் சம்பாதித்தது அதுதான். வாரத்துக்கு ஒருமுறை வந்த எரிச்சல் இப்போது வாசலிலேயே குடியிருந்தது.

ஒரு சாயங்காலம் அவன் பெரிய கல்லை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கல் மேல் நேர்நேராகக் கீறல்கள், ஒரே அகலம், ஒன்றுக்கொன்று இம்மி விலகாமல். கையால் அப்படிக் கோடு இழுக்க ஊரில் எத்தனை பேருக்கு வரும். அவன் தலையைத் தூக்கி டைல்ஸ்காரரின் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். டைல்ஸ்காரர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

‘ஏன் அத்தான் இப்படி ஆச்சு’ என்றாள் அவள். அழுகிற குரல்.

அவன் கல்லைத் திரும்ப உள்ளே வைத்தான். கீறல் பக்கம் சுவரைப் பார்க்க வைத்தான்.

‘என் தப்பும்மா. சுண்ணாம்பு சரியாக் குழையல. பாதி செத்து பாதி பொழச்சு பரவிடுச்சு.’

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மெதுவாகத்தான், ஆனால் ஒரு சொல்கூடத் தடுமாறாமல், இனி நீங்கள் வரவேண்டாம், நானே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். டைல்ஸ்காரர் எதற்கென்றே தெரியாமல் வாசல்வரை கூடப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டே அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

‘அண்ணே, இனிமே சொரண்டிராதீங்க. ஒவ்வொரு துணுக்கும் தனியா ஒண்ணா வளரும்.’

இறங்கிப் போய்விட்டான். திட்டவில்லை, முறைக்கவில்லை. திட்டியிருந்தால் இவரும் நாலு வார்த்தை விட்டிருப்பார், சமமாகியிருக்கும்.

ஆனாலும் நினைத்தது நடந்துவிட்டது. அவன் இனி வரமாட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வெற்றி அவருக்கு. உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் மிஷினில் ஏதோ துணியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

‘பாவம் அந்த மனுஷன், என் முகத்த நேராப் பாத்துத் தப்ப ஒத்துக்கிட்டாரு. எத்தன ஆம்பளைங்களுக்கு அந்த மனசு வரும்.’

டைல்ஸ்காரருக்கு அது பொறுக்கவில்லை. தொட்டியை விட்டாலும் விடுவார், இதை எப்படி விடுவார். தான் செய்த தப்பைக்கூட அவன் எடுத்துக்கொண்டுபோய் நல்லபேர் வாங்குகிறான். அந்தத் தப்பு தன்னுடையது. அதை அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நேர்மையெல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல்தான் அவரைப் பேசவைத்தது.

‘அவன் ஒண்ணும் பண்ணல. நான்தான் சொரண்டினேன்.’

மிஷின் நின்றது.

‘எதுக்கு?’

‘அவன் இங்க வர்றது எனக்குப் பிடிக்கல.’

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். அவள் முகத்தில் வந்தது வேறு, அதற்கு அவரிடம் பெயர் இல்லை.

‘அத என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். அந்தப் பவளம் உங்களுக்கு என்ன பண்ணுச்சு?’

அவளே முடிவும் சொன்னாள். அத்தானும் வரவேண்டாம், நீங்களும் தண்ணிக்குள்ள கைவைக்க வேண்டாம்.

அன்றிலிருந்து அவளே சுண்ணாம்பு குழைத்தாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கண்ணாடி விளிம்பைப் பிடித்து, மறு கையால் சிரிஞ்சை இறக்கினாள். பவளத்தில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைச் சுற்றித்தான் முதலில் களை எடுத்தாள். டைல்ஸ்காரர் சோறு சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், அவளுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்தார். தேவைக்கு மேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பாவது பொறாமைப்பட ஓர் ஆள் இருந்தான். இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிமேல் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

ஒருநாள் மாடிப்படியில் அவர் போன் அடித்தது. அத்தை மகன். தொட்டி எப்படியிருக்கிறது என்று தயங்கித்தயங்கிக் கேட்டான்.

‘எனக்கு என்ன தெரியும். என்கிட்ட எதுவும் சொல்றதில்ல’ என்றார் இவர்.

‘என்கிட்டயும் பேசறதில்லண்ணே. ரெண்டு தடவ போன் பண்ணேன், எடுக்கல.’

டைல்ஸ்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததில் பாதி அந்த நிமிஷமே கழன்று விழுந்தது. அவனோடும் பேசவில்லையாம். கூடவே வெட்கமும் வந்தது, என்ன பிழைப்பு இது என்று. மீன் ரெண்டும் நன்றாக இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னார். பவளத்தைக் கேட்டதாகவும் அவளை விசாரித்ததாகவும் சொல்லுங்கள் என்று அவன் கேட்டுக்கொண்டான். சரி என்றார். சரி என்று சொன்னபோது சொல்லும் எண்ணம் இல்லை.

உள்ளே அவள் குனிந்தபடியே, டார்ச்சை வாயிலிருந்து எடுத்து, யார் போனில் என்றாள். கடைக்காரன் என்று சொல்லலாம், தப்பான நம்பர் என்று சொல்லலாம். நாக்கு நுனியில் நாலு பொய் வரிசையாக நின்றன.

‘உங்க அத்தான்’ என்றார். ‘பவளம் எப்படி இருக்குன்னு கேட்டாரு. உன்ன விசாரிச்சேன்னு சொல்லச் சொன்னாரு.’

கூட்டாமல் குறைக்காமல் அதைச் சொல்லிமுடிப்பதற்குள், ஒரு முழு வீட்டுக்கு ஓடு பதித்த அசதி அவருக்கு வந்துவிட்டது. டார்ச்சை மறுபடி பல்லில் கடிக்கப் போனவள், ஒரு கணம் யோசித்து, கையைப் பின்னால் நீட்டி அதை அவரிடம் கொடுத்தாள்.