ஓடைக்கரையில் ஓர் அடுப்பு

சான் பெட்ரோ திருநாள் நெருங்கிய நேரத்தில் பெய்த மழையில் உள்ளே விறகு எரித்துக் கறியை வேக வைக்கிற, கவிழ்த்த பானைபோலக் கூரை மூடிய என் பெரிய மண் அடுப்பு இடிந்து விழுந்தது. அந்த வருஷம் தெருவுக்கே விருந்து வைக்கும் முறை முதல்தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. சீரகமும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பூசி ஒரு முழுப் பன்றி ஊறிக்கொண்டிருந்தது. என் கணவரின் அக்கா நோஎமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி எடில்மா, பன்னிய வெயில்லயே வேக வைக்கப் போறியா? நம்மூர் வெயிலுக்கு வெந்தாலும் வெந்துடும்!"

பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் போய் அடுப்பு கேட்பதைவிடப் பச்சையாகவே பரிமாறிவிடலாம்.

புது அடுப்புக்குக் களிமண் எடுக்க நானும் என் கணவர் அர்செசியோவும் ஓடைக்குப் போனோம். கரை சரிந்திருந்த இடத்தில், கவிழ்த்த அண்டாபோல ஒன்று மண்ணிலிருந்து பாதி வெளியே தெரிந்தது. பூப்போட்ட சின்னச் சின்னக் கற்களை இடைவெளியே இல்லாமல் இழைத்து வைத்த மாதிரி இருந்தது.

"பழைய காலத்து அடுப்புங்க! என்ன வேலைப்பாடு பாருங்க. நீங்க கட்டினது ஒரு மழைக்குத் தாங்கல."

"அது மழையோட தப்பு" என்றார்.

கல்லாகிப்போன ஆமை ஓடும் முதலைப் பல்லும் எங்கள் ஊரில் ஜன்னலுக்கு ஜன்னல் இருக்கும். நண்டு சிண்டுகள்கூடப் பேர் சொல்லும். எனக்கு அன்றைக்கு அடுப்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. வாய்ப்பக்க மண்ணைத் தோண்டி எடுத்து விறகை அடுக்கினோம். அவர் தீப்பெட்டியை எடுத்தார். புகை போக வழி இருக்கிறதா என்று நான் தலையை உள்ளே விட்டேன். கூரையை ஒட்டி நெடுக ஒரு முதுகெலும்பு ஓடியது.

"ஐயோ, பத்த வைக்காதீங்க! இது அடுப்பு இல்ல, அர்மடில்லோ! உடம்பெல்லாம் ஓடு போத்திக்கிட்டு நம்ம காட்டுல ஓடுதே, அதோட முப்பாட்டனுக்கு முப்பாட்டன்!"

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஒரு நாள் சமைச்சிக்கலாமே. இத்தன லட்சம் வருஷம் காத்திருந்தவரு நாளைக்கு ஒரு நாள் பொறுக்க மாட்டாரா?"

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சூடு பட்டால் ஓடு வெடித்துவிடும். விறகை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தேன். தகவல் சொல்ல அவரை ஊர் மியூசியத்துக்கு விரட்டிவிட்டு நேராக நோஎமி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, உங்க அடுப்பு வேணும்." அவள் வாயைத் திறப்பதற்குள் நடந்ததை மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன்.

"முழுசாவா இருக்கு?"

"முழுசா, அக்கா."

"பைத்தியக்காரி, இதச் சொல்லவா இப்படி முழிக்கிறே? பன்னியப் பங்கு போட்டுக் கொண்டா. தெருவுல இருக்கிற எல்லா அடுப்புலயும் வைப்போம்!"

மறுநாள் விருந்து ஓடைக்கரையில்தான் நடந்தது. சுற்றிக் கயிறு கட்டி, மியூசியத்துக்காரர்கள் தூரிகையால் மண் தட்டிக்கொண்டிருந்தார்கள். திருநாள் பாவாடையோடு நோஎமியும் புழுதியில் குப்புறக் கிடந்தாள்.

"எடில்மா, ஓடி வாடி! வாலுடி! வாலும் இருக்குடி!"

கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் படுத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் இருவரும் இப்படித் தோளோடு தோள் ஒட்டி இருந்ததில்லை. கறி ஒரு பக்கம் நன்றாகவே தீய்ந்திருந்தது. அதை நோஎமிகூடச் சொல்லவில்லை.