பதினேழாவது விதி

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்ட ஒரு பல் மருத்துவர், லிப்டுக்குள் இருக்கும் அவசர போனில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. திட்டு வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் நிறுவனம் பராமரிக்கும் எந்த லிப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் காதில் மணி அடிக்கும். ஆள் வந்து கதவைத் திறக்கும்வரை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். “கதவைத் தள்ளாதீங்க சார், மெக்கானிக் கிளம்பிட்டார், நான் லைன்லயே இருக்கேன்” என்று வாய் தன் பாட்டுக்குச் சொல்ல, கண் மேசைக்கடியில் இருந்த போனுக்குப் போனது. “சடங்குக்காரம்மா, என் தம்பியை மீட்க ஒரு நல்ல சடங்கு வேணும். பெருசா, படிச்சா அழுகை வர்ற மாதிரி.” அனுப்பியவன் என் முன்னாள் கணவன். பிரிந்து பதினான்கு மாதங்களாகிவிட்டன. இடையில் ஒரு ‘எப்படி இருக்கே’ கூடக் கிடையாது.

அவன் கேட்ட தம்பி நிஜத் தம்பி அல்ல, ஒரு கதையில் கடல் குகையில் மூழ்கிப்போனவன். ஆறு பேர் சேர்ந்து எட்டு வருடமாக இணையத்தில் ஒரு மாயக்கதையை எழுதிவருகிறோம். என்னைத் தவிர மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் அவரவரே எழுத வேண்டும். ஒருவர் எழுத, அடுத்தவர் அதற்குப் பதில் எழுத, கதை அது பாட்டுக்குப் போகும். குழுவை நடத்துபவர் ஒரு பேருந்து ஓட்டுநர். எங்களுக்கெல்லாம் டிரைவர் அண்ணன். என் முன்னாளுக்கு அதில் மந்திரவாதி வேடம். என் பொறுப்பு மந்திரங்கள். ஆரம்பத்தில் ஆளாளுக்குச் சொடுக்குப் போட்டு மலையைப் பிளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் காலையில் செத்து மதியம் எழுந்து உட்கார்ந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் சடங்கு இல்லாமல் மந்திரம் இல்லை என்று விதி போட்டேன். ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு பொருள், ஒரு செயல், ஒரு விலை. விலை என்றால் காசு இல்லை. குரல், நிழல், பிறந்த வீட்டின் ஞாபகம், இப்படி ஏதாவது ஒன்றை அந்தப் பாத்திரம் நிஜமாகவே இழந்தாக வேண்டும். சடங்கின் கடைசி வரியை நான் எழுதினால்தான் அது பலிக்கும். அந்த விதிகள் வந்த பிறகுதான் எங்கள் கதைக்கு உயிர் வந்தது என்று டிரைவர் அண்ணனே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதையில்தான் நாங்கள் சந்தித்தோம், கல்யாணம் செய்துகொண்டோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை நம்பிக்கையோடு போய் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினோம். நான்காவது முறை வேண்டாம் என்று முடிவெடுத்த வாரம், அவன் கதையில் ஒரு வரி எழுதினான்: துறைமுகத்தில் உப்பு மூட்டைகளின் மேல் ஏழு வயதுப் பெண் ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்து நான் அவளாகப் பதில் எழுதினேன். “இது என் மூட்டை. வேற மூட்டை பாத்துக்கோ.” அவன் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது. குழுவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து உப்புக்காரி எங்கள் மகள். நான்கு வருடமாக அவளுக்கு ஏழு வயதுதான். அவள் எப்போது கோபித்துக்கொள்வாள், எந்தப் பொய்யை எந்த முகத்தோடு சொல்வாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காய் நறுக்கும்போதும் அவள் பேசுவது எனக்குக் கேட்கும்.

பிரிந்த ஐந்தாம் மாதம் அவன் தன் புது மனைவியைக் குழுவில் சேர்த்தான். திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருப்பவள். எனக்கு அவள் புதியவள், அவ்வளவுதான். வந்த அன்றே, “உப்புக்காரியை இனி இவங்க எழுதுவாங்க” என்று அறிவித்தான். பாத்திரத்தை முதலில் கதைக்குள் கொண்டுவந்தவருக்கே அதில் உரிமை. அதுவும் நான் எழுதிய விதி. உப்புக்காரி பேசிய ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. ஆனால் முதல் வரி அவனுடையது. என் மகளை என் கண்ணெதிரே தாரை வார்த்தான், நான் “நல்வரவு” என்று எழுதினேன். அன்றைக்கு எரிய ஆரம்பித்த வயிறு இன்னும் அணையவில்லை. குழுவை விட்டு ஏன் போகவில்லை என்று என் அக்கா கேட்டாள். போனால் உப்புக்காரியைப் படிக்கக்கூட முடியாதே என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

ஆக, பல் மருத்துவரை வெளியே எடுத்த கையோடு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் அத்தனை அக்கறையாகச் செய்ததில்லை. பொருள்: மூழ்கியவனின் செருப்பு ஒன்று, கடல் நீர் ஏழு குவளை. செயல்: மந்திரவாதி கரையிலிருந்து குகைவாசல்வரை பின்பக்கமாக நடந்து, தம்பிக்குச் செய்த துரோகங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சம் தனி சுகம் இருந்தது. துரோகப் பட்டியல் அவனுக்குப் புதிதல்லவே. மூன்றாவதாக, போகிறபோக்கில் சொல்வதுபோல ஒரு வரி: ‘குகைவாசலில், மந்திரவாதி யாருடைய கையை முழுவதும் நம்புகிறாரோ, அவர் எண்ணெய் விளக்கு ஒன்றைப் பிடித்து நிற்க வேண்டும்.’

விஷம் அந்த வரியில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன், ஒரு கொடுங்கோல் அரசனை ஒழித்துக்கட்டுவதற்காக நான் ஒரு விதி எழுதியிருந்தேன். பதினேழாவது விதி: சடங்கு வாசலில் விளக்குப் பிடிப்பவர் எவரோ அவரே விலை, விளக்கு அணையும்போது எல்லோரும் அவரை மறந்துபோவார்கள், அதன்பின் அவரைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதக்கூடாது. ஒரே ஒருமுறை பயன்பட்டு, பழைய பக்கங்களுக்கு அடியில் போய்விட்ட விதி. புதியவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவனோ எதையும் நுனிப்புல் மேய்கிறவன்; விவாகரத்துப் பத்திரத்தைக்கூட முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். எனக்கு இல்லாதவள் அவர்களுக்கும் வேண்டாம். இதை நான் அப்படியே, இதே சொற்களில் நினைத்தேன். கூசவில்லை.

சடங்கைப் பதிவிட்டேன். அவன் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டான். மறுநாள் மந்திரவாதி அழகழகாகத் துரோகங்களைச் சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். வாசலுக்கு வந்ததும், நான் கணக்குப் போட்டபடியே, “உப்புக்காரி, உன்னைத்தான் நம்பறேன், வா” என்றான். விளக்குப் பிடிக்கும் பாத்திரத்தை எழுதுகிறவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும். புதியவள் ஒரு நாள் முழுக்க எதுவும் எழுதவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை, உப்புக்காரி இரண்டு கையாலும் விளக்கை வாங்கிக்கொண்டாள்.

டிரைவர் அண்ணன் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். “பதினேழாவது விதி அந்தப் புதுப் பொண்ணுக்குத் தெரியுமாம்மா?”

“விதி எல்லாருக்கும் பொதுதானே அண்ணே” என்று பதில் போட்டேன். அவருக்கு வண்டி எடுக்கும் நேரம்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில், அலுவலகத்தின் பின்படிக்கட்டில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி வரி மட்டும்தான் பாக்கி: விளக்கு அணைந்தது. இரண்டே சொல். அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான்தான்” என்றாள். குரலை அதற்குமுன் கேட்டதில்லை என்றாலும் தெரிந்துவிட்டது. பின்னால் தையல் இயந்திரம் ஓடி நின்றது.

“சொல்லு.”

“நான் எட்டு வருஷத்தையும் படிச்சிட்டேன்க்கா. முதல் பக்கத்துல இருந்து. ராவும் பகலுமா ரெண்டு மாசம் ஆச்சு.” என்றாள். “பதினேழாவது விதி தெரிஞ்சுதான் விளக்கை வாங்கினேன்.”

டப்பாவை மூடினேன். “அவனுக்குச் சொன்னியா?”

“இல்ல. படிச்சா தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்புறம் எதுக்கு வாங்கினே?”

“அவ எங்கிட்ட ஒட்டலைக்கா. நான் எழுதுற ஒவ்வொரு வரியும் யார் வீட்டு அலமாரியையோ திறந்து பாக்குற மாதிரி இருக்கு. அக்காகிட்டயே திருப்பிக் குடுத்துடுங்கன்னு அவர்கிட்ட மூணு தடவை கேட்டேன். சும்மா கதைதானே, அதுக்குப் போய் ஏன் இவ்வளவுன்னு சிரிச்சார்.” இயந்திரம் மறுபடி ஓடியது, வேலை நடுவில் பேசுகிறாள். “நீங்க என்ன பண்ணினாலும் நான் தப்பா நினைக்கமாட்டேன்.”

போனை வைத்த பிறகு எனக்கு அவள் மீதுதான் முதலில் ஆத்திரம் வந்தது. ஒன்பது மாதமாக அவளுக்கென்று பொத்திவைத்திருந்த கோபத்தை இப்படி ஒரே பேச்சில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டாளே. பிறகு ‘சும்மா கதைதானே’ என்பது உள்ளே இறங்கியது. மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வண்டியில் என் தோளில் முகத்தை வைத்து அழுதவன். உப்புக்காரிக்குக் காய்ச்சல் என்று நான் எழுதிய அன்று, வேலைக்கு லீவு போட்டு அவளுக்காகப் பனிமலையில் மூலிகை தேடி எழுதியவன். அவனுக்கு அது சும்மா கதை. இருந்த கோபமெல்லாம் ஒன்றுசேர்ந்து அவன் ஒருவன்மேல் போய் நின்றது.

கடைசி வரியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தபோது அவனே கூப்பிட்டான். டிரைவர் அண்ணன்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு மனசு கேட்டிருக்காது.

“வேண்டாம்” என்றான். வணக்கம்கூட இல்லை. மூச்சு வாங்கியது. “நீ அதைப் பண்ணமாட்டே. எனக்குத் தெரியும். அவ நம்ம…”

“நம்ம என்ன?”

“அவளை…” என்று மறுபடி ஆரம்பித்தான்.

“சும்மா கதைதானே” என்றேன்.

மறுமுனையில் அவன் அழுவது கேட்டது. இந்தச் சத்தத்துக்காகத்தான் பதினான்கு மாதம் காத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும் என்று காதிலேயே வைத்துக்கொண்டேன். “ப்ளீஸ், அவளை நீயே எடுத்துக்கோ, விதியை மாத்திடலாம், நான் குழுவை விட்டே போயிடறேன்” என்றெல்லாம் சொன்னான். விளக்கை வாங்கிய பிறகு சடங்கைப் பாதியில் நிறுத்த வழியில்லை. ஒன்று அணைய வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டையை அடைத்தவளும் நான்தான். அதை அவனுக்கு எடுத்துச் சொல்லாமல் போனை வைத்தேன்.

இடைவேளை முடிய ஏழு நிமிடம் இருந்தது. அணைத்தால், அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். நானும் மறக்கமாட்டேன், ஆனால் அவளை எழுதமுடியாது, அவள் பேசுவது எங்கேயும் வராது. அணைக்காவிட்டால், அவன் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் கைதட்டும் பொம்மையோடு வந்துவிடுவான். எனக்கு அவனைத் தெரியும். ‘விளக்கு’ என்று எழுதியிருந்தேன். அடுத்த சொல்லுக்காக விரலை வைத்தபோது, கதைப் பக்கத்தில் புதிதாக ஒரு பதிவு வந்து விழுந்தது. புதியவள் எழுதியது. உப்புக்காரி வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துக் கேட்கிறாள். உப்புக்காரி போன பிறகு கதையில் எனக்கென்று எந்தப் பாத்திரமும் இல்லை. சடங்கு நடக்கும்போது எங்கிருந்தோ கேட்கும் குரல், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் யாரும் அந்தக் குரலிடம் பேசியதில்லை.

“கை வலிக்குது. நானே ஊதிடவா?”

அவளேதான். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. எண்ணெய் மணிக்கட்டில் வழிய, விளக்கை முகத்துக்கு நேராகத் தூக்கி, இரண்டு கன்னத்திலும் காற்றை நிறைத்துக்கொண்டு, அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.