தலைமாட்டுப் பாட்டில்

ஒரு கையில் டீ டம்ளரும் இன்னொரு கையில் போனுமாக உத்திராபதி நேற்றுக் காலையும் சிங்காரத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். “எந்திரிச்சியாடா? படகு ஒட்ட ரெசின் கலக்கணும், ஏழுக்கெல்லாம் வந்துடு.” போனை வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மனைவி திலகவதி ஆட்டோ பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்று பதினோரு மணிக்கு, கூடத்தில் கிடத்தியிருந்த புருஷனின் தலைமாட்டில் அவருடைய அண்ணன் சுப்புராயன் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்தார்.

“என்னா மாமா இது?”

“தம்பி ஆசப்பட்டது. இல்லாம அனுப்புறதா? நம்ம வழக்கந்தான. கடை தொறக்கல, பிளாக்குல வாங்கியாந்தேன்.”

சிதம்பரம் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மாதம் கிடந்து அவர் விட்ட குடி. பதினோரு வருஷமாகத் தொடவில்லை. துறைமுகத்தில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் பட்டறை வைத்து, ஜெயிலிலிருந்து வந்தவர்களையும் குடியை விட்டவர்களையும் தேடித் தேடி வேலைக்குச் சேர்த்தார். அத்தனையும் தெரிந்துதான் அண்ணன் வைக்கிறார்.

கால்மாட்டில் சிங்காரம் உட்கார்ந்திருந்தான். அடிதடி வழக்கில் ஏழு வருஷம் உள்ளே இருந்தவன். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. செத்தவர் முகத்தை அவன் பார்க்கவில்லை, பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணி, எதாச்சும் வேல குடுங்க,” என்றான். “சும்மா உக்கார முடியல.”

திலகவதி பாட்டிலை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். கை நாறியது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.

“பாடைய இவன் முன்னாடி தூக்கட்டும்.”

“ஜெயிலுக்குப் போன பய தோள்லயா எந்தம்பி போவணும்? பங்காளிங்க இத்தினி பேரு நிக்கிறோம்.”

“இன்னிக்கி நிக்கிறீங்க. ஒருநாளாச்சும் பட்டறைல வந்து நின்னீங்களா? கொள்ளி நீங்க போடுங்க. தூக்குறது அவரு ஆளுங்க. புடிக்கலன்னா கெளம்புங்க மாமா.”

சுப்புராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். “சுடுகாடு வரைக்கும் தூக்குவான். திரும்பி வர்ற வழியில?”

முன்மூங்கிலைப் பிடிக்கச் சொல்லித் திலகவதி சிங்காரத்துக்குக் கைகாட்டினாள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். பாடை மெயின் ரோட்டில் திரும்பியது. முன்பக்க மூங்கிலைச் சிங்காரம் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஒயின்ஷாப் வாசலில் வரிசையில் நின்றவர்கள் பாடைக்கு வழிவிட்டு ஒதுங்கி, மறுபடியும் வரிசைக்கு வந்தார்கள்.

மணி பன்னிரண்டு. ஷட்டர் ஏறியது.