ரப்பர் அழித்த விடைகள்

கணக்கு டீச்சரின் வலது நடுவிரலில் ஒரு குழி உண்டு. பதினான்கு வருஷமாகச் சிவப்புப் பேனா அழுத்தி அழுத்தி விழுந்த குழி. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்த அவருக்கு மூன்று சாயங்காலங்கள் வேண்டும். அந்தப் புதன்கிழமை காலையில், கையிலிருந்த டீ ஆறுவதற்குள் நாற்பத்திரண்டும் திருத்தி முடிந்துவிட்டன.

திருத்தியது, அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த செயற்கை நுண்ணறிவு. பிள்ளைகள் ஆளுக்கொரு டேப்லெட்டில் கணக்குப் போடுவார்கள். அது படித்துப் பார்த்து மதிப்பெண் போட்டு, யாருக்கு எது வரவில்லை என்று டீச்சரின் திரைக்கு அனுப்பிவிடும். ஆசிரியர்கள் அதற்கு வைத்த பெயர், பெட்டி வாத்தியார்.

"முடிஞ்சுது போங்க," என்றார் பக்கத்து நாற்காலி அறிவியல் சார். "இனிமே நமக்கு இங்க என்ன வேலை? வாசல்ல உக்காந்து மணி அடிக்கலாம்."

"மணியையும் அதுதான் சார் அடிக்குது."

"அடக் கடவுளே, அதுவும் போச்சா!"

டீச்சர் சிரித்தார். அவருக்குப் பயமே வரவில்லை. மூன்று சாயங்காலங்கள் சும்மா கையில் வந்து விழுந்திருக்கின்றன. கடவுள் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்றுதான் தோன்றியது.

தலைமையாசிரியை வாசலில் நின்றபடியே கேட்டார். "டீச்சர், கணித முகாமுக்குப் பன்னெண்டு மணிக்குள்ள பேர் அனுப்பணும். மூணு பேரை அனுப்பலாம். ஒன்பதுக்குக் குறையாம யாரு வாங்கியிருக்கா?"

"ரெண்டே பேர்தான் மேடம்."

"சரி, மூணாவது இடம் வழக்கம்போல காலி. அனுப்பிடுங்க."

ஒரு மாத முகாம் அது. பெரிய கணித அறிஞர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம். அந்த இடம் ஒன்று சும்மா போகிறதே என்று டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. மணி ஒன்பதரைதான். முதல் இரண்டு பாடவேளைகளில் அவருக்கு வகுப்பும் இல்லை. பெட்டி வாத்தியாரிடம் இன்னொரு வசதி இருந்தது. ஒரு பிள்ளை எழுதியதை, எழுதிய வேகத்திலேயே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். டீச்சர் அதைத் தொட்டார்.

அப்புறம் அவரை எழுப்ப முடியவில்லை. சினிமா பார்ப்பதுபோல் இருந்தது. ஒருவன் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் மீசை வைத்துக்கொண்டே போனான். ஒருத்தி பெருக்கலில் எட்டாம் வாய்ப்பாடு வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். "இவ எட்டுல மாட்டிக்கிறாளா! நாலு வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே!" என்று டீச்சர் கத்தியதில் அறிவியல் சாரின் டீ தளும்பியது.

பதினேழாவதாக வந்தது ரப்பரின் தாள்.

அவளை வகுப்பே அப்படித்தான் கூப்பிடும். நோட்டில் எழுதிய காலத்தில் கையில் எப்போதும் அழிரப்பர் வைத்திருப்பாள். எழுதுவாள், அழிப்பாள், வேறு எழுதுவாள். பத்துக்கு ஏழு. ஒரு வருஷமாக எப்போதும் ஏழு. பாவம், நம்பிக்கை இல்லாத பிள்ளை என்று டீச்சர் நினைத்திருந்தார்.

கடைசிக் கணக்கு தொட்டிக் கணக்கு. பெரிய குழாய் மூன்று மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், சின்னக் குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்? வகுப்பில் முதலாவதாக வருபவன் பின்னம் பின்னமாக ஒரு பக்கத்தை நிரப்பியிருந்தான். ரப்பர் இரண்டே வரி எழுதினாள். "பெரிய குழாய் ஒன்று, சின்னக் குழாய் இரண்டுக்குச் சமம். ஆக மூன்று சின்னக் குழாய்கள். ஆறை மூன்றால் வகுத்தால் இரண்டு மணி."

டீச்சருக்குப் புல்லரித்தது. இந்த வழியை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

திரையில் அந்த எழுத்து ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு வரியும் அழிந்தன. "நாலரை மணி" என்று எழுதிவிட்டு ரப்பர் தாளை அனுப்பியிருந்தாள்.

டீச்சர் அந்த மாதம் டேப்லெட்டில் வைத்த பயிற்சித் தேர்வுகளையும் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பத்துமே சரி. ஒவ்வொன்றிலும் மூன்றை அழித்து, மூன்றையும் தப்பாக்கி அனுப்பியிருந்தாள்.

ஏன் என்று பெட்டி வாத்தியாரைக் கேட்டார். "தன்னம்பிக்கைக் குறைவாக இருக்கலாம்" என்று பதில் வந்தது.

"அட போப்பா," என்றார் டீச்சர் திரையைப் பார்த்து. "சந்தேகப்படுறவ ஒரு தடவை ரெண்டு அழிப்பா, ஒரு தடவை அஞ்சு அழிப்பா. இவ ஒவ்வொரு தடவையும் எண்ணி மூணே மூணு அழிக்கிறா. தெரியாதவளுக்கு இவ்வளவு கணக்கா தப்புப் பண்ண வராது."

இடைவேளை மணி அடித்ததும் ஓடினார். ரப்பர் தண்ணீர்க் குழாயடியில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் வேகமாக வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"சத்தியமா நான் யாரையும் பாத்து எழுதல டீச்சர்!"

"தெரியும்மா. பாத்து எழுதியிருந்தா பத்து வாங்கியிருப்பியே." டீச்சர் சிமென்ட் திட்டில் உட்கார்ந்து, பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "தொட்டிக் கணக்கு என்ன அழகா போட்டிருந்தே! ஏன் கண்ணு அழிச்சே?"

அவள் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள்.

"எட்டு வாங்கினா போர்டுக்குக் கூப்பிடுவீங்கல்ல டீச்சர்."

எட்டும் அதற்கு மேலும் வாங்குகிறவர்கள் வெள்ளைப் பலகைக்கு வந்து எழுதி விளக்க வேண்டும், வகுப்பு கை தட்டும். இது டீச்சர் தானே கொண்டுவந்த வழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வந்தா கை தட்டுவாங்களேம்மா?"

ரப்பர் இடது கையை நீட்டினாள். வெள்ளைச் சீருடையின் கைப்பட்டியில் வெளிறிய நீலக் கறை ஒன்று இருந்தது. "நான் இடது கைல எழுதுவேன். எழுத எழுத என் கையே அது மேல போகும். போன வருஷம் ஒரு தடவை எட்டு வாங்கி வந்தேன், மார்க்கர் மை சட்டையெல்லாம் ஆயிடுச்சு. அம்மாவுக்கு லாண்டரில வேலை டீச்சர். நாள் பூரா துவைச்சிட்டு வந்து, அன்னைக்கு இதையும் போட்டுத் தேய்ச்சாங்க. கை வெடிச்சு ரத்தம் வந்திருச்சு." குரல் தாழ்ந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அழுவாங்க."

டீச்சர் அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தார். பரிசு என்று நினைத்துத் தான் கொடுத்தது, ஒரு பிள்ளைக்கு மாதாமாதம் மூன்று கணக்கு அபராதமாக இருந்திருக்கிறது. அந்த அபராதத்தை அவள் அம்மாவின் கைகளுக்காக வாயைத் திறக்காமல் கட்டியிருக்கிறாள். கடவுளே, மன்னித்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மணி பத்து ஐம்பதுக்கு டீச்சர் தலைமையாசிரியையின் அறையில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தலைமையாசிரியை தயங்கினார். "உங்களை நம்புறேன் டீச்சர். ஆனா ஏழு மார்க் வாங்கின பிள்ளையை எப்படி அனுப்பினீங்கன்னு நாளைக்குக் கேப்பாங்களே?"

"நீங்களே வந்து பாருங்க மேடம்."

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார, டீச்சர் புதுக் கணக்கு ஒன்றைச் சொன்னார். "பெரிய குழாய் நாலு மணி நேரத்துல நிரப்பும். சின்னது பன்னெண்டு மணி நேரத்துல நிரப்பும். அடியில ஒரு குழாய், நிறைஞ்ச தொட்டியை ஆறு மணி நேரத்துல காலி பண்ணிடும். மூணையும் திறந்தாச்சு. ரப்பர், நீ எழுந்திரிக்க வேணாம், எழுதவும் வேணாம். நீ சொல்லு, நான் எழுதுறேன்."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் மார்க்கரைத் திறந்து, பிள்ளைபோல் காத்து நின்றார்.

"பெரிய குழாய்... மூணு சின்னக் குழாய்க்குச் சமம்," என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். "சின்னது ஒண்ணு. ஆக நாலு. அடிக்குழாய், ரெண்டு சின்னக் குழாயோட வேலையைக் கெடுக்குது."

டீச்சர் பரபரப்பில் நாலுக்குப் பக்கத்தில் கூட்டல் குறியைப் போட்டார்.

"ஐயோ டீச்சர், கழிக்கணும்! கூட்டுனா தொட்டி வழிஞ்சிடும்!"

வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். டீச்சர் அவசரமாக முழுக்கைச் சட்டையாலேயே இழுத்து அழித்துத் திருத்தினார்.

"மிச்சம் ரெண்டு. பன்னெண்டை ரெண்டால வகுத்தா ஆறு மணி நேரம்."

பின்பெஞ்சிலிருந்து முதல் கைதட்டல் வந்தது. தலைமையாசிரியைதான்.

"இனிமே போர்டுக்கு வரணும்னு கட்டாயம் இல்ல," என்றார் டீச்சர். "டேப்லெட்ல எழுதிச் சுவர்ல காட்டலாம். இல்லைன்னா நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"நீங்க தப்பா எழுதுவீங்களே டீச்சர்!" என்றான் பூஜ்யத்துக்கு மீசை வைத்தவன்.

"திருத்துறதுக்குத்தான் நீங்க நாப்பத்திரண்டு பேர் இருக்கீங்களே!"

முகாமின் படிவத்தில், மதிப்பெண்ணுக்குக் கீழே 'ஆசிரியர் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. இதுவரை அதை யாரும் நிரப்பியதில்லை. டீச்சர் நிரப்பினார், தலைமையாசிரியை கீழே கையெழுத்துப் போட்டார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்று பெயர்கள் போய்ச் சேர்ந்தன.

சாயங்காலம் ரப்பரோடு லாண்டரிக்குப் போனார் டீச்சர். முதல் சாயங்காலம், தாள் கட்டு இல்லாத சாயங்காலம். அம்மா நீராவிக்குள்ளிருந்து ஈரக் கையோடு வந்தாள். செய்தியைக் கேட்டு முதலில் நம்பவில்லை.

"என் பொண்ணா? ஒரு வருஷமா ஏழுக்கு மேல வாங்குனதே இல்லையே டீச்சர்?"

ரப்பர் தரையைப் பார்த்தாள்.

"நான் திருத்துனதுல தப்பு இருந்துச்சும்மா," என்றார் டீச்சர். "இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே அவள் கண் டீச்சரின் சட்டைக் கையில் போய் நின்றது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலம்.

"என்ன டீச்சர் இது, நீங்களுமா!"

ரப்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா டீச்சரின் கையைப் பிடித்து விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மைக்கென்றே லாண்டரியில் புதிதாக வாங்கியிருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவரச் சொல்லி மகளை அனுப்பினாள்.