முதுகில் வைத்த ஜிப்

"பேச்சுவார்த்தையே இல்லாத புருஷனை நம்பி முதுகுல ஜிப் வைக்கிற ஒரே பொம்பள நீதான்க்கா."

"நான் ஒண்ணும் அவனை நம்பி வைக்கல."

"பின்ன? உனக்கு என்ன கை ரப்பர்லயா செஞ்சிருக்கு, அவ்வளவு தூரம் எட்ட? சைடுல வச்சிருந்தா நீயே போட்டு நீயே இழுத்துட்டுக் கிளம்பியிருப்ப."

"அக்குளுக்குக் கீழ வச்சா யாரு பார்ப்பா? கையைத் தூக்கிக் காட்டிக்கிட்டேவா நிக்க முடியும்?"

தங்கையின் குரல் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டு டப்பாவின் மேல் சாய்த்து வைத்த கைபேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவளைப் போல வம்பு பேச அவளால் முடியும். அக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி, கரும்பச்சைத் துணியின் ஓரத்தில் ஜிப்பை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

நாலு மணிக்கு நேர்காணல். உடுப்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மாதிரி தைக்கும் வேலை. அவள் தைத்துக் கொடுக்கும் ஒன்றைப் பார்த்துத்தான் மற்ற நூறு பேர் தைப்பார்கள். "நீங்களே தைச்சதைப் போட்டுட்டு வாங்க. உடம்போட ஒட்டி நிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஆறு வருஷமாக அவள் திரைச்சீலைக் கடையில் நேர்கோடு நேர்கோடாக அடித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு இடுப்பு கிடையாது, தோள் கிடையாது, மூச்சு விட்டால் விரிகிற மார்பும் கிடையாது. இன்னும் ஒரு வருஷம் அங்கே இருந்தால் தானும் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருப்போம் என்று அவளுக்குச் சில நாட்களாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

"சரி, அத்தான் எங்க?"

"உள்ள. பையில ஸ்பேனரை எண்ணிக்கிட்டு இருக்கான். ரெண்டரைக்கு டூட்டிக்குக் கிளம்பணும்ல."

"பதினோரு நாளாச்சு. போதும்க்கா."

"எல்லார் முன்னாடியும் சிரிச்சான்டி."

நடந்தது இதுதான். கணவனின் கூட்டாளி ஒருவன் வீட்டு விருந்து. அவனோடு வேலை பார்க்கும் லிஃப்ட் மெக்கானிக்குகள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவள் தானே தைத்த நீல உடுப்பில் போயிருந்தாள். தட்டை எடுக்கக் குனிந்தபோது முதுகு ஜிப் பிளந்துகொண்டது. பட்டென்ற அந்தச் சத்தத்துக்கு முதலில் சிரித்தது அவன்தான் என்பது அவள் கட்சி. எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன் என்பது அவன் கட்சி. வீடு வந்து சேரும் வரை நடந்த அந்த வழக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது நின்றது. அதன்பிறகு இருவரும் வாயே திறக்கவில்லை.

"அவர் போட்டிருந்த சட்டையைக் கழட்டி உன் முதுகுல போத்தினாரே, அதை மட்டும் நீ சொல்லவே மாட்ட."

"சிரிச்சுக்கிட்டே போத்தினான்."

தங்கை குக்கர் வைக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

மணி ஒன்றேகால். ஜிப் இதற்குள் இரண்டு முறை துணியில் ஏறி இரண்டு முறையும் பிரிந்து இறங்கிவிட்டது. முதல் முறை ஒரு பக்கத்தை மேலிருந்து கீழேயும் மறு பக்கத்தைக் கீழிருந்து மேலேயும் அடித்ததில், இடுப்புத் தையல் இரண்டு பக்கமும் சேராமல் ஒரு நகக்கண் அளவு ஏறி இறங்கி நின்றது. இரண்டாம் முறை, நேரமாகிறதே என்ற பதற்றத்தில் துணியை இழுத்துப் பிடித்து ஓட்டினாள். கையை எடுத்ததும் துணி தன் அளவுக்குச் சுருங்க, ஜிப் முதுகின் பள்ளத்தில் புழுவாக நெளிந்தது. பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் எறும்பு வரிசை போலத் தெரிந்தன. இன்னொரு தரம் பிரித்தால் துணி தாங்காது.

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மின்விசிறியைக் கூட்டினாள், காகிதம் பறந்ததும் குறைத்தாள். உள்ளறையில் இரும்பும் இரும்பும் உரசின. எத்தனை தரம்தான் எண்ணுவான் அதை?

தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது மெஷின் மேசையில், கத்தரிக்குப் பக்கத்தில், ஒரு துண்டு மெழுகுவர்த்தி இருந்தது. அவள் வைத்ததல்ல. லிஃப்ட் கதவு சிக்காமல் ஓட, அதன் தடத்தில் அவன் இதைத்தான் தேய்ப்பான் என்பது அவளுக்குத் தெரியும். உதவியா, குத்தலா? இந்த முறையாவது பிளக்காமல் பார்த்துக்கொள் என்று அர்த்தமா? விரலில் உருட்டிப் பார்த்தாள். மெழுகின் முகத்தில் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை. கோபத்தோடு அதை ஜன்னல் கட்டையில் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, ஜிப் பற்களின் மேல் மேலும் கீழும் தேய்த்தாள். ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர் வெண்ணெயில் போவது போலப் போனது. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மூன்றாம் முறை அவசரப்படவில்லை. அவசரப்படாமல் இருப்பதற்கே பெரும்பாடுபட்டாள். திறப்பின் இரண்டு ஓரங்களிலும் மெல்லிய கேன்வாஸ் பட்டையை வைத்து இஸ்திரிபோட்டு ஒட்டினாள், இனி துணி நீளாது. இடுப்புத் தையலுக்கு நேராக ஜிப் நாடாவில் சாக்பீஸால் கோடு கிழித்தாள். குண்டூசிகளைக் கழற்றிவிட்டுக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தினாள். பிறகு ஜிப் தைப்பதற்கான ஒற்றைக்கால் பாதத்தை மெஷினில் மாட்டி, இரண்டு பக்கத்தையும் கீழிருந்து மேலாகவே, துணியை இழுக்காமல், சும்மா வழிகாட்டி மட்டும் அடித்தாள். நூலை அறுத்து, ரன்னரை மூடி, விரித்துப் பார்த்தாள்.

ஜிப் இருப்பதே தெரியவில்லை. பச்சைத் துணியில் ஒரு மெல்லிய கோடு, மழை நின்ற பிறகு கண்ணாடியில் ஓடும் நீர் போல, நேராக இறங்கியது. இடுப்புக்கோடு இரண்டு பக்கமும் வந்து கைகுலுக்கிக்கொண்டது. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. உள்ளறைப் பக்கம் ஒரு அடி வைத்தாள், திரும்பி வந்தாள்.

இரண்டு மணி பத்து. உடுப்பை மாட்டினாள். கீழிருந்து இழுத்ததில் ரன்னர் முதுகின் நடு வரை வந்தது. அதற்கு மேல் கை எட்டவில்லை. தோள் வழியாக முயன்றால் விரல் நுனிக்கும் ரன்னருக்கும் ஒரு சாண் இடைவெளி. துண்டைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் இறங்கிக் கீழ் வீட்டு டீச்சரம்மாவின் கதவைத் தட்டப் போனாள். பூட்டு தொங்கியது.

மேலே வந்து இழுப்பறையிலிருந்து நூல் எடுத்தாள். ரன்னரின் ஓட்டையில் கோத்துத் தோளுக்கு மேல் கொண்டுவந்து இழுத்தாள். மார்பைச் சுற்றி உடுப்பு இறுகியிருந்த இடத்தில் ரன்னர் நின்றது. கீழே பிடிக்க ஆளில்லாததால் இழுக்க இழுக்க உடுப்பு முழுவதும் மேலேறியது. எங்கோ டிக்கென்று ஒரு நூல் விட்டது.

கை அப்படியே நின்றது. நீல உடுப்பையும் அன்று இப்படித்தான் போட்டாள். அவன் கீழே பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், "இதோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே நூலை வெடுக்கென்று இழுத்தாள். ஜிப்பின் பல் அப்போதே விட்டிருக்கும். அதை அவள் தங்கையிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் இந்த நிமிஷம் வரை சொல்லிக்கொள்ளவில்லை.

கூடத்தில் ஷூ உரசும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு மற்றொன்று. பை தோளில் ஏறியது. தாழ்ப்பாள் விலகியது. அவன் போனால் கீழே பைக் கிளம்பும். பிறகு இந்த முதுகை மூட இந்தக் கட்டடத்தில் கை கிடையாது. துண்டைப் போர்த்திக்கொண்டே நேர்காணலில் போய் உட்காரலாம். அல்லது திங்கட்கிழமை மறுபடி ஜன்னல்களுக்குப் போகலாம்.

நூலை உருவி எறிந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். முகத்தைக் காட்டவில்லை. அவனுக்கு முதுகைத் திருப்பி, பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள். திறந்த கதவு வழியாக வந்த காற்று முதுகில் பட்டது. பதினோரு நாளாகப் பூட்டிக் கிடந்த தொண்டையைச் செருமினாள்.

"கீழ ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இதைக் கொஞ்சம் மேல இழுத்து விடேன்."