தாம்பாளத்தில் வந்த மதர்போர்டு

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் பட்டுப்புடவை, பழத்தட்டு, சங்கிலி, பீரோ என்று ஒரு வரிசை உண்டு. என் அக்கா மகள் சுவேதாவுக்கு நான் கொண்டுபோன வரிசையில் மதர்போர்டு இருந்தது. கடலூர் முதுநகரில் இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை இளவரசு என்றால் யாரும் வழிகாட்டுவார்கள். அந்த இளவரசாகிய நான் செய்த சீரைப் பற்றி அக்கா வீடு இருக்கிற சிதம்பரத்தில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டுமே! அவர்கள் மறந்தாலும் நான் மறக்க விடுவதில்லை.

இரண்டாயிரத்துப் பத்து, தை மாதம். எட்டாவது படித்துக்கொண்டிருந்த சுவேதா பெரியவளான செய்தி வந்தது. மறுநாளே அவளிடமிருந்து போன்.

"மாமா, எனக்குச் சங்கிலி வேணாம். கேம் ஆடற கம்ப்யூட்டர் வாங்கித் தர்றீங்களா?"

பள்ளிக்கூடம் விட்டதும் தெருமுனை நெட் சென்டரில் கார் பந்தயம் ஆடுவாள் அந்தப் பெண். ஆடுவது மட்டுமில்லை, அங்கே ஏதாவது பெட்டி படுத்துவிட்டால் அதைத் திறக்கிறவர் பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்துப் பாதி வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது அதற்குத்தான் தடை விழுந்துவிட்டது. போட்டவர் அவளுடைய அத்தை தைலம்மாள்.

தைலம்மாள் என் அக்கா எழிலரசிக்கு நாத்தனார், எனக்கு அண்ணி முறை. கணவர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபிறகு தம்பி வீட்டோடு வந்தவர். கூடத்தில் இருக்கும் டிவி அவருடையது. ரிமோட் அவர் இடுப்பைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் அவர் நாடகம் பார்க்கும்போது அந்த டிவிக்குக் குறுக்கே நடக்க என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தியே யோசிப்பார்.

"இனிமே நெட் சென்டர் பக்கம் தலைவெச்சிப் படுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார் அண்ணி. "வூட்டுக்கும் கம்ப்யூட்டர் வேணாம். அது ரிப்பேர் ஆனா கண்ட பசங்க ஸ்குரூ டிரைவர எடுத்துக்கிட்டு உள்ள வருவானுங்க. வயசுக்கு வந்த பொண்ணு இருக்கற வூடு."

எனக்கு வந்ததே கோபம். நேராக மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் நல்ல மனுஷர். தன் அக்காவுக்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

"மச்சான், சீரா கொண்டா. சபையில வெச்சி அது ஓடுனா வூட்டுல இருக்கட்டும். ஓடலன்னா நீயே எடுத்துக்கிட்டுப் போயிடு. காலம் பூரா அக்காகிட்ட பேச்சு வாங்க என்னால ஆவாது."

கரண்டோடு குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்து ஓடுமா ஓடாதா என்கிறார்!

"ஓடும் மாமா. ஓடலன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் சுவேதா புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "பூட்டிக் கொண்டாராதீங்க மாமா. தனித்தனியா கொண்டாங்க. எல்லாருக்கும் முன்னால நானே பூட்டறேன்."

"விளையாடறியா? அத்தன சனத்துக்கு முன்னால ஏதாவது ஆச்சுன்னா?"

"பூட்டத் தெரிஞ்சவளுக்கு ரிப்பேர் பாக்கத் தெரியாதா? அப்புறம் எந்தப் பையன் உள்ள வருவான்னு அத்தையே சொல்லட்டும்."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அண்ணியின் வாயை அடைக்க எனக்கு இப்படி ஒரு வழி தோன்றவே இல்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். சுவேதா தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்ததால் வர முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். கடைக்காரர் நாலு ஜிபி ராம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"ஒண்ணா வேணாம், ரெண்டு ரெண்டா ரெண்டு குடுங்க. ஜோடியா போட்டாத்தான் வேகம்" என்றது போன்.

கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான புராசஸரில் விலை உயர்ந்ததைக் காட்டினார். "அது வேணாம். அதுல மிச்சமாவறத கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. கேம் ஆடறது கார்டுதான்" என்றது போன்.

சுற்றிலும் நீலவிளக்கு எரியும் கேபினட் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. தேர் மாதிரி ஜோராக இருந்தது. "லைட்டு எதுக்கு மாமா? முன்னாடி ஃபேன் மாட்ட எடம் இருக்கா பாருங்க. சூடு வெளிய போவணும்."

கடைக்காரர் குனிந்து என் காதருகில் கேட்டார். "யாரு சார் பேசறது? இன்ஜினியரா?"

"என் அக்கா பொண்ணு. எட்டாவது படிக்குது" என்றேன். கடையில் இருந்த மற்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஒரு பொருளில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக் கரண்டை வாங்கி உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பிரித்துக் கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி. கேபினட் வாங்கினால் அது இலவசம் என்றார் கடைக்காரர். கையில் தூக்கிப் பார்த்தேன். காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. மேலே மட்டும் நானூற்று ஐம்பது வாட் என்று கொட்டை எழுத்து.

"மாமா, அதுவே இருக்கட்டும். அந்தக் காசுக்கு இன்னும் பெரிய கார்டா வாங்கலாம்" என்றாள் சுவேதா.

"கார்டு உன் இஷ்டம், கரண்டு என் இஷ்டம். நம்ம ஊரு கரண்டு ஒரு நாளைக்கு எத்தன தடவ போயி வருதுன்னு என்னைக் கேளு. கனமா இருக்கறத எடுத்து வைங்க சார்."

"சரி மாமா, அது நீங்க சொன்னா சரி" என்றது போன். எல்லாவற்றையும் கடைக்காரர் ஒருமுறை பூட்டி, ஒரு கார் பந்தய விளையாட்டும் ஏற்றி, ஓட்டிக் காட்டி, மறுபடி கழற்றித் தந்தார்.

விசேஷத்தன்று சிதம்பரம் மண்டப வாசலில் வேனை நிறுத்தியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அட்டைப் பெட்டியாகத் தூக்கிப் போனால் செருப்புக்கடைச் சரக்கு மாதிரி இருக்காதா? என் மனைவி கனிமொழியிடம் எல்லாவற்றையும் பிரித்துத் தாம்பாளங்களில் பட்டுத்துணி விரித்து அடுக்கச் சொன்னேன். எல்லாப் பாகமும் பொருந்துகிற மதர்போர்டு ஒரு தட்டு, கிராபிக்ஸ் கார்டு ஒரு தட்டு. தீப்பெட்டியைவிடச் சிறியதாக இருந்த புராசஸருக்கும் ஒரு தனித் தட்டு. அதன் அடிப்பக்கம் ஊசி ஊசியாகப் பொன்னிறத்தில் மின்னியது. மின்னுகிற பக்கம் மேலே இருக்கட்டும் என்றேன். மேளம் முழங்க, பழத்தட்டுக்கும் பூத்தட்டுக்கும் நடுவில் என் கம்ப்யூட்டர் ஊர்வலம் போனது. மண்டபமே எழுந்து பார்த்தது.

வாசலில் சீரை வாங்கிக்கொண்டவர் தைலம்மாள் அண்ணி. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்குப் போவதற்குள் வேலையை முடித்துவிட்டிருந்தார். சீரென்று வந்தது எதுவானாலும் பொட்டு வைத்துத்தானே உள்ளே எடுக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கார்டுக்கு முதுகில், ஹார்ட் டிஸ்குக்கு மேல். புராசஸருக்கு அந்த மின்னுகிற ஊசிகளின் நடுவில், நல்ல ஈரச் சந்தனமாக, கட்டைவிரலால் அழுத்தி.

"அய்யய்யோ!" என்று கத்தியே விட்டேன். "அண்ணி, இன்னா காரியம் பண்ணீங்க? அதுல போயி யாராவது…"

பட்டுப்புடவையும் ஜடைப்பூவுமாக மேடையிலிருந்து எட்டிப்பார்த்த சுவேதா மெதுவாக, "டப்பாலேர்ந்து எடுத்தது யாரு மாமா?" என்றாள்.

எடுக்கச் சொன்னது நான்தான். அண்ணிக்கோ முகம் சிவந்துவிட்டது. "நல்லதுன்னுதான் வெச்சேன். ஒரு பொட்டுக்குத் தாங்காத சாமானு வூட்டுல எத்தன நாளு தாங்கும்? எடுத்துக்கிட்டுப் போவட்டும்." மாமா என்னைப் பார்த்தார். கொடுத்த வாக்கு எனக்கும் ஞாபகம் இருந்தது. கடலூர் வரை வேனில் அந்தத் தட்டுகளோடு திரும்புவதை நினைத்தேன்.

நலங்கு முடிந்ததும் சுவேதா எழுந்து மேடையில் சீர் வைத்திருந்த மேஜைக்கு வந்தாள். புராசஸரை ஓரத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒரு ஊசி வளஞ்சிருக்கு" என்றாள், அவ்வளவுதான். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. போட்டோ எடுக்க வந்தவரிடம் லென்ஸ் துடைக்கிற மருந்தையும் மெத்தென்ற பிரஷ்ஷையும் கேட்டு வாங்கினாள். ஊசிகளின் இடையில் ஒட்டிய சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். அலங்காரம் செய்த பெண்ணின் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காயவைத்தாள். பிறகு தோளில் புடவைக்குக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். அதன் நுனியால் அந்த வளைந்த ஊசியை நிமிர்த்தத் தொடங்கினாள். பந்திக்கு எழுந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். அது ஒடிந்தால் கதை முடிந்தது.

ஒடியவில்லை. புராசஸரை மதர்போர்டில் வைத்தாள், அழுத்தாமலே உட்கார்ந்தது. சின்ன ட்யூபைப் பிதுக்கி அதன் தலையில் சாம்பல் நிறப் பசையை ஒரு பொட்டாக வைத்தாள்.

"இப்ப நீ மட்டும் இன்னாடி தடவற?" என்றார் அண்ணி.

"சூடு இறங்க வெக்கற பசை அத்தை. இதுக்கும் பொட்டு உண்டு. இந்தப் பக்கம்தான் வெக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ராம் ஜோடி, கார்டு, ஹார்ட் டிஸ்க் என்று ஒவ்வொன்றாக உள்ளே போனது. என் கனமான பெட்டியிலிருந்து ஒயர்களை இழுத்துச் சொருகினாள். ஒரு இடத்திலும் அவள் கை தயங்கவில்லை.

கடைசியில் கேபினட்டை அண்ணியின் பக்கம் திருப்பினாள். "அத்தை, இப்ப நெத்தியில பொட்டு வைங்க. வெச்சிட்டு நீங்களே பட்டன அழுத்துங்க."

அண்ணி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், அழுத்தினார். ஃபேன் சுற்றியது. எல்லாம் சரி என்று ஒரே ஒரு பீப். மானிட்டரில் வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கார் ஒன்று சீறிக்கொண்டு கிளம்ப, மண்டபத்துப் பிள்ளைகள் மொத்தமும் மேடையில் ஏறிவிட்டன. நான் அழுதேன். சொன்னால் என்ன? தாய்மாமன் அழக்கூடாதா?

சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போனோம். எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது.

"உள்ரூம்ல மூலையில வெச்சிடலாமாக்கா?" என்று மாமா பயந்துகொண்டே கேட்டார்.

"மூலையில எதுக்குடா? அவளே பூட்டுனது. கூடத்துல வையி, வர்றவங்க போறவங்க பாக்கட்டும்."

"கூடத்துல எடம் ஏதுக்கா?"

அண்ணி டிவியின் பின்னால் கையை விட்டு அதன் பிளக்கைப் பிடுங்கினார்.

"இளவரசு, பாத்துக்கிட்டே நிக்கறியே! இத உள்ள தூக்கி வெச்சிட்டு, அதோட ஒயர இங்க சொருவு" என்றார்.